ஒன்பது அங்குலப் பேழை

ஹனூர்
ஜூலை 9, 2025

அஷ்வினிக்கு,

உன் அண்ணன் இந்தக் கடிதத்தை எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். போன வருடம் மே மாதம் போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்தேன். அதை நீக்கும் எண்ணம் இன்னும் வரவில்லை. பேசினால் சண்டை வளரும். எழுதினால் சண்டை வந்தாலும் இரண்டு பக்கத்தோடு நிற்கும். மக்காச்சோள மூட்டையோடு வாரம் ஒருமுறை மைசூர் வரும் கெம்பையன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி சந்தோஷ்குமாருக்குக் கல்யாணம். அவனே சொல்லியிருப்பான். செப்டம்பர் 4, வியாழக்கிழமை. பெண் பெயர் வினிதா. மண்டபம் பெண் வீட்டார் எடுத்தது, மைசூரில். அவர்கள் இரண்டு தலைமுறையாக அங்கே இருக்கிற தமிழர்கள். நிச்சயத்துக்கு வந்திருந்த அவர்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி கையில் கிளி. இன்னொருத்தி கையில் ஆட்டோ. மூன்றாவது அம்மாள் பலாப்பழம் ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார். வயது ஐம்பதுக்குக் குறையாது. திடீரென்று பலாப்பழத்தின் வயிற்றைத் திறந்து போனை எடுத்துப் பேசினார். எல்லாமே பையாம். நான் நகைக்கடையில் கொடுத்த சிவப்பு வெல்வெட் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பொம்மைப் பைகளையும் அதற்கேற்ற உடுப்பையும் பொறுக்கிக் கொடுப்பதுதான் உன் பிழைப்பு என்று ரூபா சொன்னாள். படித்துவிட்டு இதற்கா போனாய் என்று கேட்கப்போவதில்லை. எனக்கும் என் மகள் மனிஷாவுக்கும் ரூபாவுக்கும் மூன்று வேளைக்கு மூன்று உடுப்பு, அதற்கேற்ற பை. மைசூர்க்காரர்கள் பார்த்து முகத்தைத் திருப்பாத மாதிரி இருந்தால் போதும்.

ரூபாவுக்கு மட்டும் கூடுதல் கவனம் எடு. இணைச்சீர் அவள்தான் செய்கிறாள். உன் சித்தப்பா மகள், புருஷனோடு இருக்கிறவள். மதனை விட்டு வந்த உன்னை மணையில் உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்கே தெரியும். நீ வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வந்து சாப்பிட்டுப் போகலாம்.

சுலோசனா


மைசூர், அக்ரஹாரம்
ஜூலை 14

அண்ணிக்கு,

கெம்பையன் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி அலமாரியிலிருந்த கோழிப் பையை ஐந்து நிமிடம் பார்த்தார். "முட்டை வெக்குமாம்மா?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தைவிட அது மரியாதையான கேள்வி.

"வந்து சாப்பிட்டுப் போகலாம்" என்ற வரியை நான்கு முறை படித்தேன். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்களுக்குக்கூட இதைவிட நல்ல அழைப்பு போகும்.

ஒன்றைத் தெளிவாகக் கேட்கிறேன். இணைச்சீர் எதற்கு என்று உங்களுக்குத் தெரியுமா? மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைப்புடவையைப் பேழையில் வைத்து, அதைத் தலையில் சுமந்து அவனை மூன்று முறை சுற்றி வருவாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்வாள். புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். புதிதாக ஒருத்தி வீட்டுக்கு வரப்போகிறாள், ஆனாலும் பிறந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று ஊர் முன்னால் அவளுக்குச் சொல்கிறார்கள். அந்த வார்த்தை இன்று யாருக்குத் தேவை? ஹனூரிலேயே மாடி வீட்டில் புருஷனோடு இருக்கிற ரூபாவுக்கா?

நான் மதனை விட்டு வந்து உங்கள் வீட்டில் இருந்தது மூன்று நாள். மூன்றாம் நாள் காலை நீங்கள் என் பெட்டியை எடுத்து வாசலுக்கு அருகே வைத்தீர்கள். போகச் சொல்லவில்லை. பெட்டியை நகர்த்தி வைத்தீர்கள், அவ்வளவுதான். நான் புரிந்துகொண்டேன்.

இனி வியாபாரம். கடைக்கு வருகிறவர்களை நான் முதலில் நடக்கச் சொல்வேன். பையை எந்தக் கைக்கு மாற்றுகிறார்கள், உட்காரும்போது மடியில் வைக்கிறார்களா தரையில் வைக்கிறார்களா என்று பார்ப்பேன். பார்க்காமல் தேர்ந்தெடுப்பதில்லை. ரூபாவை அனுப்புங்கள். மனிஷாவின் படம் போதும். உங்கள் நடை எனக்குத் தெரியும். இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருக்கும், பேசும்போது கையில் இருப்பதை மார்போடு அணைத்துக்கொள்வீர்கள், யாரோ பறிக்க வருவதுபோல.

கடைக்கு வருகிற யாருக்கும் நான் மோசமான பொருளைக் கொடுத்ததில்லை. உங்களுக்கும் கொடுக்கமாட்டேன். அதை அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அஷ்வினி


ஹனூர்
ஜூலை 21

அஷ்வினிக்கு,

ஆடி மாதத்தில் இப்படி ஒரு கடிதத்தைப் படிக்க வைத்தாயே, போகட்டும்.

பெட்டியை நகர்த்தியது கூட்டிப் பெருக்க. வீட்டு வேலைக்கு வரும் மாதம்மாவைக் கேட்டுப் பார். நீயாகப் போய்விட்டு என்மேல் பழி போடாதே. அந்த மூன்று நாளும் வாசலில் வந்து விசாரித்தவர்களுக்குப் பதில் சொன்னது நான். "எத்தன நாளைக்கு இருக்கப்போறா?" என்று கேட்டார்கள். உள்ளே படுத்திருந்த உனக்கு அது கேட்டிருக்காது.

இணைச்சீர் பற்றி நீ பாடம் நடத்தத் தேவையில்லை. சடங்கு செய்து வைக்கும் பெரியவரைக் கேட்டோம். அவர் தாடியைத் தடவினார். வேண்டாம் என்றுதான் அதற்குப் பொருள். உன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் வாய் திறக்காத வீட்டில் ஒருத்தியாவது முடிவு எடுக்க வேண்டும். எடுத்தேன்.

அளவு ரவிக்கைகளும் மனிஷாவின் படமும் இத்துடன் வருகின்றன. படத்தில் அவள் சிரிப்பதைப் பார்த்து அவள் அப்படித்தான் என்று நினைக்காதே. எந்த உடையைக் கொடுத்தாலும் முதலில் அழுவாள்.

இன்னொன்று. நம் வீட்டு மூங்கில் பேழையைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். கரி பிடித்திருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ரூபா மைசூர்ப் பெண்கள் நடுவே நடந்தால் சந்தைக்கு வந்தவள் மாதிரி இருக்கும். பேழை மாதிரியே ஒரு பை செய்துகொடு. தங்க நிறம், மணி வேலை, மூடி போட்டது. போனில் மனிஷா காட்டிய படத்தில் ஒரு பெண் ஏந்தியிருந்தது கைக்கு அடக்கமாக இருந்தது. அகலம் ஒன்பது அங்குலம், உயரம் நாலரை. இதைவிடப் பெரிதாகச் செய்துவிடாதே, பார்க்க நன்றாக இராது.

ரூபா அடுத்த வாரம் வருவாள்.

சுலோசனா


மைசூர்
ஆகஸ்ட் 3

அண்ணிக்கு,

வரமகாலட்சுமி நோன்புக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. கடையில் நிற்க இடமில்லை. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

ரூபா சென்ற செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வந்தாள். நடக்கச் சொன்னேன். நடந்தாள். பையைக் கொடுத்தேன். குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள். நல்ல பெண். அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"அக்கா, எனக்கு இந்தச் சீரே வேண்டாங்க்கா. அண்ணி கேட்டாங்க, தலையாட்டீட்டேன்" என்றாள்.

"ஏன் ஆட்டினே?"

"அவங்க கேக்கறப்ப வேற எந்தப் பக்கம் ஆட்டறது?"

பிறகு பேழையைத் தலையில் வைக்க வேண்டுமா இடுப்பில் வைக்க வேண்டுமா என்று கேட்டாள். தலையில் என்றேன். "உழுந்துட்டா?" என்றாள். "உன் தலை, உன் பாடு" என்றேன். சிரித்துவிட்டு அழுதாள். பக்கத்தில் தசராவுக்கு அம்பாரி யானைப் பை பார்த்துக்கொண்டிருந்த மல்லம்மா, எங்கள் பழைய வாடிக்கையாளர், இவளுக்குச் சேலை பிடிக்கவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார். சேலை பிடித்திருக்கிறது, வேலைதான் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

அனுப்பியிருப்பவற்றில் முக்கியமானவை: ரூபாவுக்குச் சடங்கு வேளைக்குக் குங்கும நிறப் பட்டு, கரை மெல்லியது. அவள் குள்ளம், பெரிய கரை போட்டால் கரைதான் நடந்து வரும். வரவேற்புக்கு மயில்கழுத்து நிறம், கையில் வெற்றிலை வடிவப் பை. மனிஷாவுக்கு வெளிர் மஞ்சள் பாவாடை, தாவணி, மல்லிகைப் பந்து போன்ற பை. அழுது முடித்த பிறகு ஒருமுறை கண்ணாடி முன்னால் நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கரும்பச்சை, கத்திரிப்பூ, சந்தன நிறம் என்று மூன்று பட்டு. மூன்றுக்கும் சேர்கிற மாதிரி உருண்டையான ஒரு பை. காரணம் பையோடு சீட்டில் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட பேழைப் பையும் இருக்கிறது. ஒன்பது அங்குலம், நாலரை அங்குலம். தங்க மணிகள் மட்டும் ஆயிரத்து நானூறு. ஒரு நூல்கூட அளவு தாண்டவில்லை.

அஷ்வினி


ஹனூர்
ஆகஸ்ட் 11

அஷ்வினிக்கு,

திருஷ்டிப் பூசணிக்காயைக் கல்யாணத்துக்கு முன்பே அனுப்பிவிட்டாய். நீ எழுதிய சீட்டையும் படித்தேன். "தோள் தாழ்ந்தவர்கள், பையை மார்போடு அணைப்பவர்கள், முனை உள்ள பை வைத்துக்கொண்டால் ஆயுதம் ஏந்தியதுபோல இருக்கும்." இதை மனிஷா கூடத்தில் சத்தமாகப் படித்தாள். உன் அண்ணன் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சிரித்தார். எனக்குக் கேட்டது.

மனிஷா அழுதாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்றாள். பிறகு அதைக் கழற்றவே மாட்டேன் என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதோடு உட்கார்ந்தாள். அதை இங்கே எழுதுவது நியாயத்துக்காக.

நியாயம் அத்தோடு முடிந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கூறைப்புடவையைக் கொண்டுவந்து உன் தங்கப் பேழையில் வைத்துக் காட்டினேன். வைத்தேன் என்றா சொன்னேன்? வைக்கப் பார்த்தேன். நாலாக மடித்துப் பார்த்தேன். எட்டாக மடித்துப் பார்த்தேன். சுருட்டிப் பார்த்தேன். முந்தானை மட்டும் உள்ளே போயிற்று, மீதிப் புடவை வெளியே கிடந்தது. மூடியை அழுத்தினேன். பதினேழு மணிகள் உதிர்ந்தன. உங்கள் பெரியம்மா நாச்சம்மாள் வாயில் புகையிலையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். புகையிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "பொட்டியும் மாத்தியாச்சு, பொறந்தவளயும் மாத்தியாச்சு. மாப்பளய எப்ப சுலோசனா மாத்தறே?"

பதினோரு பெண்கள் சிரித்தார்கள். எண்ணினேன்.

பேழைக்குள் புடவை போகாது என்று உனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் ஆயிரத்து நானூறு மணிகளைக் கோத்திருக்கிறாய். இவ்வளவு பொறுமையாக யாரும் யாரையும் அவமானப்படுத்தி நான் பார்த்ததில்லை.

சுலோசனா


மைசூர்
ஆகஸ்ட் 17

அண்ணிக்கு,

தெரியும். கத்தரியைக் கையில் எடுத்தபோதே தெரியும். ஒன்பது அங்குலம் என்று எழுதியது நீங்கள். பெரிதாகச் செய்துவிடாதே என்று எழுதியதும் நீங்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கூறைப்புடவைக்காகத்தான் பேழை என்பது பதினேழு மணி உதிர்ந்த பிறகுதான் உங்களுக்கு நினைவு வந்திருக்கிறது. பார்க்க எப்படி இருக்கும் என்பதை மட்டுமே நினைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

உங்கள் பை பூசணி அல்ல, மாதுளை. காம்புக்கு எதிர்ப்பக்கம் கிரீடம் இருக்கிறது. தலைகீழாகப் பிடித்திருப்பீர்கள்.

இனி உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்தி. நேற்றுச் சனிக்கிழமை மாலை ஒரு பெண்மணி தன் மகள் கல்யாணத்துக்குப் புடவைகளை எடுத்துக்கொண்டு வந்தார். போன தசராவிலிருந்து வருகிறவர். பலாப்பழப் பை அவர் தங்கைக்கு நான் கொடுத்ததுதான். கல்யாணத்தன்று பெண் வீட்டாருக்குப் புடவை கட்டிவிட நான் மண்டபத்துக்கு வர வேண்டும் என்றார். தேதி கேட்டேன். செப்டம்பர் 4. மாப்பிள்ளை எந்த ஊர் என்றேன். ஹனூர். அவர்தான் வினிதாவின் அம்மா.

"நான் மாப்பிள்ளைக்கு அக்கா" என்றேன். மறைத்து என்ன பயன், அன்று எப்படியும் தெரியும்.

"ஹௌதா? அப்படியா, நீங்களா? ஒரு வார்த்த சொல்லலியே அவங்க. அப்ப இணைச்சீருக்கு நீங்கதானே?"

"இல்லை. சித்தப்பா மகள் செய்றா."

"கூடப் பொறந்தவங்க நீங்க இருக்கறப்ப அவங்க எதுக்கு?"

"நான் வீட்டுக்காரரை விட்டு வந்து தனியா இருக்கேன்."

"அதனால?"

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன். உங்களிடம் பதில் இருந்தால் அவருக்கே சொல்லுங்கள். காத்திருக்கிறார்.

அஷ்வினி


ஹனூர்
ஆகஸ்ட் 24

அஷ்வினிக்கு,

சம்பந்தியம்மா செவ்வாய்க்கிழமை போன் செய்தார். நாற்பது நிமிடம். பந்தல், சாப்பாடு, நாதஸ்வரம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "உங்க ஊர்ல இன்னும் அதெல்லாம் பாக்கறாங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாவம் பார்க்கிற குரலில் கேட்டார்.

ஆகவே நீயே இணைச்சீர் செய். ரூபாவிடம் சொல்லிவிட்டேன். பாரத்தை உதறிப்போட்ட மாதிரி சந்தோஷப்பட்டாள். அந்தக் குங்கும நிறப் பட்டை நீ கட்டிக்கொள்ளலாம், உன் உயரத்துக்கும் சரியாக இருக்கும். மூங்கில் பேழையையே எடுத்துக்கொள்வோம். மாதம்மா புளி போட்டுத் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் வைத்தாள். கரி போய்விட்டது.

பெரியவரிடம் மறுபடி கேட்டோம். மறுபடியும் தாடியைத் தடவினார். சரி என்று எடுத்துக்கொண்டோம்.

மைசூர்க்காரர்கள் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாது. நீயும் நாலு பேர் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறாய். மூன்றாம் தேதி மாலைக்குள் மண்டபத்துக்கு வந்துவிடு.

சுலோசனா


மைசூர்
ஆகஸ்ட் 27

அண்ணிக்கு,

இன்று பிள்ளையார் சதுர்த்தி, கடை மூடியிருக்கிறது. யோசித்து எழுத நேரம் இருந்தது.

இந்தக் கடையில் தினமும் ஒன்று நடக்கும். புடவைமேல் ஒரு பையை வைத்துப் பார்ப்பார்கள். கூட வந்தவள் உதட்டைச் சுழித்தால் அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எடுப்பார்கள். பிறகு பெரிய இடத்துப் பெண் யாராவது உள்ளே வந்து, அந்தத் தள்ளிவைத்த பையைப் பார்த்து, "அட, இது நன்றாக இருக்கிறதே" என்பாள். உடனே இவர்கள் அதைப் பாய்ந்து எடுத்துத் தங்கள் மடியில் வைத்துக்கொள்வார்கள். ஜூலை 9 அன்று என்னைத் தள்ளிவைத்தீர்கள். ஆகஸ்ட் 24 அன்று மடியில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இடையில் மாறியது சம்பந்தியம்மாவின் முகம் ஒன்றுதான்.

பைக்குக் கோபம் வராது. எனக்கு வரும்.

சந்தோஷ் ஞாயிறு தோறும் பெங்களூரிலிருந்து பேசுகிறான். இந்த ஞாயிறு நேரடியாகக் கேட்டேன். "அண்ணி பாத்துக்குவாங்கக்கா" என்றான். அம்மா போன பிறகு ஆறு வருடம் அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தது நான். எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்டாலும் "நீயே பாருக்கா" என்பான். கூறைப்புடவையின் ஒரு முனையையும் இப்படித்தான், யார் கொடுத்தாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனாலும் அந்த மறுமுனையை இன்னொருத்தி பிடிப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உங்களுக்கு எழுத நேர்ந்ததற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

ஆகவே ஒரு நிபந்தனை. இணைச்சீர்க்காரியை அந்த வீட்டு மூத்த மருமகள் வெற்றிலை பாக்குத் தட்டோடு அவள் இருக்கும் இடத்துக்கே போய் அழைக்க வேண்டும். அதுதான் முறை. ரூபாவை நீங்கள் அப்படித்தான் அழைத்தீர்கள், அவளே சொன்னாள். நான் இருக்கும் இடம் இந்தக் கடை. செப்டம்பர் 2 வரை இங்கே இருப்பேன். வந்து, பைகளுக்கு நடுவே நின்று, வா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பெண் வீட்டுக்குப் புடவை கட்டிவிட வருகிறவளாகத்தான் நான் அன்று வருவேன். இடுப்பில் ஊசிப் பெட்டியோடு.

அஷ்வினி


மைசூர்
செப்டம்பர் 2

அண்ணிக்கு,

கெம்பையன் திரும்பிப் போய்விட்டதால் இதை ஹனூர் பேருந்து நடத்துனரிடம் கொடுக்கிறேன்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு இருபதுக்குக் கடைக்கு எதிரே, பூக்காரி நஞ்சம்மாவின் கூடைக்குப் பக்கத்தில், குடை பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். மறுக்க வேண்டாம். குடை முகத்தை மறைத்தது. தோளை மறைக்கவில்லை. கையில் தட்டு இருந்தது, மேலே வெள்ளைத் துணி. மார்போடு அணைத்திருந்தீர்கள்.

உள்ளே வினிதாவின் அம்மாவும் அவர் தங்கையும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்களைப் பற்றி அல்ல. ஆனால் வெளியே நிற்பவருக்கு அது தெரிய வழியில்லை. பதினைந்து நிமிடம் நின்றீர்கள். ஒருமுறை சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்தீர்கள். ஒரு ஸ்கூட்டர் வந்தது. அது போன பிறகு மறுபடி கடக்கவில்லை. பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் திரும்பி நடந்தீர்கள். பிறகு நஞ்சம்மாவைக் கேட்டேன். "ஒரு அம்மா நின்னாங்க. பூ வாங்கல. கடை எப்ப காலியாகும்னு மட்டும் ரெண்டு வாட்டி கேட்டாங்க" என்றாள்.

நான் வெளியே வந்திருக்கலாம். கையில் வேலை இருந்தது என்று சொல்லலாம். இல்லை. சும்மா நின்று கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கடந்து வருகிறீர்களா என்று பார்த்தேன். போன வருடம் பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தபோது நீங்களும் இப்படித்தான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது. நான் போகிறேனா என்று பார்த்தீர்களோ, நிற்கிறேனா என்று பார்த்தீர்களோ, தெரியாது.

வந்து அழைத்ததாக நான் கணக்கில் கொள்ளமாட்டேன். முறைப்படி அது அழைப்பு இல்லை. பாதி சாலைதான் வந்தீர்கள்.

வியாழன் அதிகாலை நாலரைக்கு மண்டபத்தில் இருப்பேன். முதலில் பெண் வீட்டாருக்குப் புடவை கட்டிவிடுவேன். பிறகு கையைக் கழுவிவிட்டு உங்கள் பக்கம் வருவேன். குங்கும நிறம் ரூபாவுக்காக எடுத்தது, அதை அவளே கட்டட்டும். எனக்கு அம்மாவின் அரக்குப் பட்டு இருக்கிறது. பை எதுவும் கொண்டுவரமாட்டேன். இரண்டு கையும் வேண்டும்.

அஷ்வினி


ஹனூர்
செப்டம்பர் 11

அஷ்வினிக்கு,

குடை இரவல் குடை. அதுவரைக்கும் மறுக்கிறேன்.

அன்று உன்னோடு பேச நேரமில்லை, பேசவும் விருப்பமில்லை. ஆனால் நீ முன்னால் பார்த்து நடந்துகொண்டிருந்தாய். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதிவைத்துவிடுகிறேன், பிறகு யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

நீ மணைக்கு வந்ததும் நம் ஊர் ஆட்களில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர் வெற்றிலை போட, இன்னொருவர் போன் பேச. வெற்றிலையும் இல்லை, போனும் அடிக்கவில்லை. யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இனி நான் போகமாட்டேன். உனக்காக இல்லை. என் வீட்டுச் சடங்கில் பாதியில் எழுந்திருக்க அவர்கள் யார்?

பெரியவர் தாடியைத் தடவினார். அது அவருக்குப் பழக்கம் என்று இப்போது நினைக்கிறேன்.

மைசூர்ப் பெண்கள் கையில் அன்று யானை இருந்தது, கிளி இருந்தது, காபி டம்ளர்கூட இருந்தது. ஒருத்தரும் ஒருத்தர் பையையும் பார்க்கவில்லை. எல்லோரும் உன் தலையைப் பார்த்தார்கள். இவ்வளவு பணமும் நேரமும் நான் எதற்குச் செலவழித்தேன் என்று தெரியவில்லை. உன் அம்மாவின் அரக்குப் பட்டில் தோள்பக்கம் நிறம் வெளுத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் உடுத்திவிடுகிறவளுக்கு அது தெரியாமல் போனதா? முந்தானையை ஒரு மடிப்பு இழுத்துவிட்டிருந்தால் மறைந்திருக்கும்.

சந்தோஷ் அழுதான். மாப்பிள்ளை அழுவதை வீடியோக்காரர் கிட்டே போய் எடுத்தார். இத்தனை நாள் வாய் திறக்காதவன் அன்று கண்ணை மட்டும் திறந்துகொண்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்றாவது சுற்றில், நீ திரும்பும் இடத்தில், பேழை இடப்பக்கமாகச் சரிந்தது. மாதம்மா புளி போட்டுத் தேய்த்ததில் அடிப்பக்கம் வழுவழுவென்று ஆகியிருந்தது. புடவையோடு கீழே விழுந்திருந்தால் வெளியே போன இரண்டு பேரும் ஓடி உள்ளே வந்திருப்பார்கள், நாங்கள் சொன்னோமே என்று. நீ இடக்கையையும் உயர்த்திப் பிடிப்பதற்குள் நேராகிவிட்டது. உன் கையால்தான் நேரானது என்று நினைத்திருப்பாய்.

படங்கள் நேற்று வந்தன. அந்த ஒரு படத்தில் உன் முகம் முழுதாக விழுந்திருக்கிறது. பேழைக்கு அடியில் பின்னாலிருந்து ஒரு கை, வளையல் வரை. மற்றது உனக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அந்தப் படம் வேண்டாம் என்று எடுத்து வைத்தேன். சந்தோஷ் அதைத்தான் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறான்.

நாச்சம்மாள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரு கை?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். உன்னிடமும் கேட்பார். நீயும் அப்படியே சொல்.

சுலோசனா